கோட்டின் மேல் ஒரு வினைச்சொல்

1969-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கார்டன் போவரும் அவருடைய சகாக்களும் இரண்டு குழுக்களுக்கு 112 சொற்களை மனப்பாடம் செய்யக் கொடுத்தார்கள். சொற்கள் இரு குழுக்களுக்கும் ஒன்றேதான். காட்டிய விதம் மட்டும் வேறு. முதல் குழுவின் அட்டையில் சொற்கள் மேலிருந்து கீழாகக் கிளை பிரிந்திருந்தன. உச்சியில் ‘கனிமங்கள்’. அதன் கீழே ‘உலோகங்கள்’, ‘கற்கள்’. உலோகங்களின் கீழே அரியவை, சாதாரணமானவை, கலவைகள். கடைசி வரிசையில் பிளாட்டினமும் வெள்ளியும் தங்கமும் ஓரிடத்தில், செம்பும் ஈயமும் இரும்பும் ஓரிடத்தில், வெண்கலமும் எஃகும் பித்தளையும் இன்னோரிடத்தில். இரண்டாம் குழுவுக்கும் அதே கிளைப் படத்தைத்தான் கொடுத்தார்கள். ஆனால் சொற்களைக் குலுக்கி, எந்தக் கட்டத்தில் எது விழுந்தாலும் சரி என்று நிரப்பியிருந்தார்கள்.

ஒருமுறை பார்த்த பிறகு ஒப்பிக்கச் சொன்னபோது முதல் குழு சராசரியாக 73 சொற்களைச் சொன்னது. இரண்டாம் குழு ஏறக்குறைய 21. மூன்றாம் முறையில் முதல் குழு 112-ஐயும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டது. இரண்டாம் குழு நான்காம் முறையிலும் 70-ஐத்தான் எட்டியது.

இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இரண்டாம் குழுவின் கையிலும் படம் இருந்தது. கிளைகளும் கோடுகளும் கட்டங்களும் ஒரு குறையுமில்லாமல் இருந்தன. கட்டத்துக்குள் இருந்த சொல்லுக்கும் அதற்கு மேலே இருந்த சொல்லுக்கும் உறவு இல்லை, அவ்வளவுதான். அந்த உறவு போனதும் படமும் உதவாமல் போய்விட்டது. மனவரைபடத்தைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் பாதி விஷயங்களை இந்த ஒரு முடிவை வைத்தே எடைபோட்டுவிடலாம்.

மனவரைபடம் என்றால் என்னவென்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. படைப்பாற்றல் கல்வி முறை வந்த நாளிலிருந்து, பாடத்தைப் படித்த மாணவர்கள் முதலில் மனவரைபடம் வரைய வேண்டும், பிறகு தொகுத்து எழுத வேண்டும் என்ற வரிசை அவர்களுக்குப் பழக்கமானது. தாளின் நடுவில் தலைப்பு, அதிலிருந்து நாலாபுறமும் பெரிய கிளைகள், அவற்றிலிருந்து சிறு கிளைகள், ஒவ்வொன்றிலும் ஓரிரு சொற்கள். அலுவலகங்களில் இதையே எக்ஸ்மைண்ட், ஃப்ரீபிளேன் போன்ற மென்பொருள்களில் செய்கிறார்கள். திட்டமிடல், கூட்டக் குறிப்பு, தேர்வுத் தயாரிப்பு, புத்தகம் எழுதுதல் என எல்லாவற்றுக்கும் இது மருந்து என்ற பேச்சும் கூடவே வருகிறது.

அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த டோனி புஸான். 1974-இல் பிபிசி தொலைக்காட்சியில் அவர் நடத்திய தொடரும், அதே பெயரில் வந்த புத்தகமும் மைண்ட் மேப் என்ற பெயரை உலகெங்கும் கொண்டுபோயின. 2019-இல் இறக்கும்வரை அதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். தாளைக் கிடைமட்டமாக வைக்க வேண்டும், நடுவில் எழுத்துக்குப் பதில் படம் வேண்டும், கிளைகள் வளைந்திருக்க வேண்டும், ஒரு கிளைக்கு ஒரே சொல், பல வண்ணங்கள் கட்டாயம் என்று விதிகளும் வகுத்தார். கிளைவிட்டு வரைவது அதற்கு மிக முந்தைய வழக்கம் என்பது வேறு கதை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மயோர்க்காத் தீவின் ரமோன் லுல் அறிவுத்துறைகள் அனைத்தையும் மரங்களாக வகுத்து ஒரு நூலே எழுதினார். 16-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பாடம் நடத்திய பேத்ருஸ் ராமுஸின் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் கிளை அட்டவணைகள் இருக்கும். புஸான் புதிதாகச் சேர்த்தது வண்ணத்தையும் வளைவையும். அவற்றோடு மூளையைப் பற்றிய ஒரு கதையையும் சேர்த்தார்.

அந்தக் கதைக்கு இரண்டு பாகங்கள். வரிவரியாக எழுதும் குறிப்பு மூளையின் இடப்பாதியை மட்டும் வேலை வாங்குகிறது, வண்ணமும் படமும் வலப்பாதியையும் எழுப்புகின்றன என்பது முதல் பாகம். மூளையின் நரம்பணுவே கிளைவிட்ட வடிவில்தான் இருக்கிறது, ஆகவே கிளைவிட்ட படம்தான் மூளைக்கு இயல்பானது என்பது இரண்டாவது. முதல் பாகம், ரோஜர் ஸ்பெரிக்கு 1981-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆய்வுகளைத் தேவைக்கு மேல் இழுத்துப் பேசியதால் வந்தது. இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டி அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட நோயாளிகளிடம் அவர் கண்டது உண்மை. மொழி போன்ற சில வேலைகள் ஒரு பாதியில் அதிகம் நடப்பதும் உண்மை. ஆனால் நம் தலைக்குள் அந்தக் கற்றை அறுபடாமல்தான் இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை அலசி, இடமூளை ஆள், வலமூளை ஆள் என்று மனிதர்களைப் பிரிப்பதற்குச் சான்று ஏதும் இல்லை என்று சொன்னார்கள். நரம்பணுக் கதையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆலமரமும் ஆற்றுப் படுகையும்கூடக் கிளைவிட்டுத்தான் இருக்கின்றன. வடிவம் ஒத்துப்போவதால் வேலையும் ஒத்துப்போகும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

சரி, கதை பொய்யென்றால் பலனும் பொய்யா? இல்லை. பலன் வேறு இடத்திலிருந்து வருகிறது.

ஒரு நேரத்தில் மனதில் எத்தனை விஷயங்களை ஏந்தி வைத்திருக்க முடியும்? 1956-இல் ஜார்ஜ் மில்லர் ஏழு என்றார், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்ற சலுகையோடு. 2001-இல் நெல்சன் கோவன் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நான்கை ஒட்டித்தான் நிற்கும் என்றார். நான்கு என்பது அவமானகரமான எண். ஓர் அலுவலக அறிக்கையிலோ ஒரு பாடத்திலோ நாற்பது ஐம்பது செய்திகள் இருக்கும்போது, நான்கைப் பிடித்துக்கொண்டு மீதியை எங்கே வைப்பது? மனம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பல செய்திகளை ஒரு பெயருக்குள் கட்டிவைத்து, அந்தப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறது. ‘கலவைகள்’ என்ற பெயர் நினைவிருந்தால் வெண்கலமும் பித்தளையும் தாமாகவே பின்னால் வரும். போவரின் முதல் குழுவுக்கு வாய்த்தது இந்த வசதி. பெயர் சரியாக இருந்தால்தான் கட்டு நிற்கும். இரண்டாம் குழுவின் படத்தில் ‘கற்கள்’ இருக்கவேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு சொல் இருந்தது. அதைப் பிடித்து இழுத்தால் எதுவும் வராது.

படம் தருகிற இரண்டாவது வசதி, தேடும் வேலை குறைவது. 1987-இல் ஜில் லார்க்கினும் ஹெர்பர்ட் சைமனும் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு, ஒரு படம் ஏன் பத்தாயிரம் சொற்களுக்குச் சமம் என்று கேட்கிறது. ‘சில சமயங்களில்’ என்பதை அடைப்புக்குறிக்குள் சேர்த்திருந்தார்கள். பயிற்சி வகுப்புக்காரர்கள் வசதியாக விட்டுவிடும் சொல் அதுதான். ஒரே தகவலை வாக்கியங்களாகவும் படமாகவும் கொடுத்தால் இரண்டிலும் செய்தி சமமாகவே இருக்கலாம். ஆனால் வாக்கியங்களில் ஒரு பொருளைப் பற்றிய செய்தி மூன்றாம் பத்தியில் கொஞ்சம், ஒன்பதாம் பத்தியில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு முறையும் தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும். படத்தில் சேர்ந்து பயன்படவேண்டியவை சேர்ந்தே இருக்கும், கண் ஒரே பார்வையில் அள்ளிக்கொள்ளும். அப்படி இருக்கும்படி வரைந்தால். வரையாவிட்டால் படம் வெறும் அலங்காரம்.

இடத்தோடு சேர்த்து நினைவு வைப்பதில் மூளைக்குத் தனித்திறமை உண்டு என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. எலி குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் இட அணுக்களை 1971-இல் ஜான் ஓ'கீஃப் கண்டறிந்தார். தரையை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்துத் துடிக்கும் கட்ட அணுக்களை மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005-இல் கண்டார்கள். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். கழுத்தின் நீளமும் காலின் நீளமும் மாறிக்கொண்டே இருக்கும் பறவைப் படங்களை மனிதர்களிடம் காட்டி, மனதுக்குள் ஒரு பறவையிலிருந்து இன்னொரு பறவைக்கு ‘நகரச்’ சொன்னார்கள். அங்கே நடப்பதற்குத் தரையே இல்லை, இரண்டு அளவுகள் மட்டும்தான். ஆனாலும் ஸ்கேனில் அதே அறுகோணச் சாயல் தெரிந்தது. ஊருக்குள் வழி கண்டுபிடிக்க வந்த ஏற்பாட்டைக் கருத்துகளுக்குள் வழி கண்டுபிடிக்கவும் மூளை பயன்படுத்துகிறது போலும். இதிலிருந்து, நடுவில் வட்டம் போட்டு வரைந்தால் மதிப்பெண் கூடும் என்று தாவிவிடக் கூடாது. அப்படிப்பட்ட தாவலைத்தான் புஸான் செய்தார்.

இனி நான் பெரிதும் மதிக்கும் ஆளுக்கு வருகிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் நோவாக், 1970-களின் தொடக்கத்தில் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். சிறு வகுப்புக் குழந்தைகளுக்குச் சில அறிவியல் பாடங்களைக் கொடுத்து, அவர்கள் பள்ளியை முடிக்கும்வரை 12 ஆண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டு, அவர்களுடைய புரிதல் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் திட்டம். பேட்டிகள் ஒலிநாடாக்களாகவும் எழுத்துப் படிகளாகவும் குவிந்தன. ஒரு குழந்தை முதலில் சொன்னதற்கும் பிறகு சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று பக்கம் பக்கமாகப் படித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1972-இல் அவருடைய குழு ஒரு வழி செய்தது. குழந்தை பேசிய கருத்துகளைக் கட்டங்களாக எழுதி, அவற்றைக் கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் அந்த உறவைச் சொல்லும் சொல்லை எழுதியது. இதுவே கருத்து வரைபடம்.

புஸானின் படத்துக்கும் நோவாக்கின் படத்துக்கும் மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் அந்தக் கோட்டின் மேல் எழுதிய சொல்தான் எல்லாமே. மனவரைபடத்தில் கோடு ஊமை. ‘தாவரம்’ என்ற கட்டத்திலிருந்து ‘மண்’ என்ற கட்டத்துக்கு ஒரு கோடு போட்டால் யாரும் தப்பென்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறதே! அதே கோட்டின் மேல் ஒரு வினைச்சொல் எழுதச் சொன்னால் குழந்தை மாட்டிக்கொள்ளும். “தாவரம் மண்ணிலிருந்து உணவை எடுக்கிறது” என்று எழுதினால், உலகம் முழுவதும் மாணவர்களிடம் காணப்படும் தவறான புரிதல் அங்கே அப்பட்டமாக வெளிப்பட்டுவிடும். தாவரம் மண்ணிலிருந்து எடுப்பது நீரையும் தாது உப்புகளையும். உணவை இலையில் தானே தயாரிக்கிறது. மரத்தின் உலர் எடையில் பெரும்பங்கு காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. இரண்டு கட்டம், நடுவில் ஒரு வினைச்சொல், சேர்த்துப் படித்தால் ஒரு வாக்கியம். வாக்கியம் என்றால் சரி தவறு உண்டு. ஊமைக் கோட்டுக்கு அது கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். டெங்குவைப் பற்றி ஊராட்சிக் கூட்டத்தில் பேச ஒரு சுகாதார ஆய்வாளர் குறிப்பு தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலாக எழுதினால் எல்லோரும் கேட்டுச் சலித்த வரிசை வரும். ஏடிஸ் கொசு பரப்புகிறது, பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும், காய்ச்சல், உடல்வலி, தண்ணீர் தேங்க விடாதீர்கள், நன்றி வணக்கம். இதையே மனவரைபடமாகப் போட்டால் கொசு, வைரஸ், நோயாளி, தடுப்பு, தண்ணீர் என்று ஐந்து கிளைகள் வரும். கொசுவின் கீழ் பகல் கடி, முட்டை. வைரஸின் கீழ் நான்கு வகைகள். தண்ணீரின் கீழ் டிரம், சிமெண்ட் தொட்டி, பழைய டயர், கொட்டாங்குச்சி, ஆட்டுக்கல் குழி. பட்டியலைவிடப் பார்க்க நன்றாக இருக்கும். புதிதாக ஒன்றும் சொல்லாது.

இப்போது ஒரு கிளையில் இருப்பதை வேறு கிளையில் இருப்பதோடு இணைக்க முடியுமா என்று பார்த்து, கோட்டின் மேல் வினைச்சொல் எழுத வேண்டும். ‘முட்டை’யையும் ‘தடுப்பு’க் கிளையில் உள்ள ‘தண்ணீரைக் கொட்டுதல்’ என்பதையும் இணைத்துப் பாருங்கள். என்ன வினைச்சொல் போடுவீர்கள்? “அழிக்கிறது” என்று எழுதக் கை போகும். ஆனால் ஏடிஸ் முட்டைகள் தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருப்பவை. காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிப்பவை. கொட்டினால் புழுக்கள் போகும், முட்டைகள் போகாது. ஆகவே அங்கே எழுத வேண்டியது “தேய்த்துக் கழுவினால்தான் போகும்”. பகல் கடியையும் கொசுவலையையும் இணைத்தால், இரவு வலைக்குள் தூங்குகிறோம் என்ற நிம்மதி எவ்வளவு அரைகுறையானது என்பது தெரிகிறது. வைரஸ் வகைகளையும் நோயாளியையும் இணைத்தால், ஒருமுறை வந்துவிட்டது இனி வராது என்ற நம்பிக்கை உடைகிறது. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு மட்டும்தான் நீடித்த எதிர்ப்புச் சக்தி. அடுத்து வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது.

இன்னும் ஒரு கோடு பாக்கி. ‘தண்ணீர்’ கிளையில் ‘டிரம்’ ஏன் வந்தது? வீட்டில் டிரம் இருப்பதற்குக் காரணம் குழாயில் தினமும் தண்ணீர் வராதது. நான்கு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? ‘குடிநீர்ப் பற்றாக்குறை’ என்று ஒரு புதுக் கட்டம் போட்டு, “சேமிக்க வைக்கிறது” என்ற சொல்லோடு டிரம்முக்கு இழுத்தால், மழைக்காலத்து நோய் என்று நாம் நினைத்திருந்தது கோடையிலும் ஏன் தலைகாட்டுகிறது என்பது விளங்கும். ஆய்வாளரின் குறிப்பில் முதல் பத்தியில் வரவேண்டிய செய்தி இதுதான். மருந்தடிக்கும் துறையும் குடிநீர் வழங்கும் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்ற முடிவு இந்தக் கோட்டிலிருந்துதான் பிறக்கும். ஐந்து கிளைகளை எத்தனை வண்ணத்தில் வரைந்திருந்தாலும் இது வந்திருக்காது.

குறுக்குக் கோடுகளை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் மரவடிவத்தின் ஒரு குறைபாடு. மரத்தில் ஓர் இலை ஒரே கிளையில்தான் இருக்க முடியும். விஷயங்கள் அப்படி இல்லை. டிரம் தண்ணீருக்கும் சொந்தம், கொசுவுக்கும் சொந்தம், ஊராட்சியின் நிர்வாகத்துக்கும் சொந்தம். அதை ஒரே கிளையில் மாட்டிய கணத்தில் மற்ற இரண்டு உறவுகளும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. மென்பொருள்கள் இதில் கொஞ்சம் கெடுதலே செய்கின்றன. எண்டர் தட்டினால் புதுக் கிளை, டேப் தட்டினால் துணைக்கிளை, இரண்டும் ஒரு நொடி வேலை. குறுக்குக் கோடு போட மெனுவைத் தேட வேண்டும். எளிதாக இருப்பதைத்தான் கை செய்யும். முதல் படத்தைத் தாளில் பென்சிலால் போடுங்கள் என்பது என் பரிந்துரை. பெரிய திட்டமாகி, பலர் சேர்ந்து மாற்ற வேண்டி வரும்போது மென்பொருளுக்குப் போகலாம்.

நடுவில் தலைப்பை எழுதித் தொடங்குவதும் எப்போதும் சரியில்லை. தலைப்பே இன்னும் தெரியாத வேலைகள் உண்டு. ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா நேபாள மலைக் கிராமங்களில் கள ஆய்வு செய்தவர். குவிந்து கிடந்த களக்குறிப்புகளை என்ன செய்வதென்று யோசித்து அவர் உருவாக்கிய முறை 1960-களில் ஜப்பானியத் தொழில் நிறுவனங்களுக்குள் பரவியது. ஒரு சீட்டில் ஒரு செய்தி. எல்லாச் சீட்டுகளையும் பரப்பி வைத்து, ஒன்றோடொன்று ஒட்டுறவு உள்ளதாகத் தோன்றுபவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்த வேண்டும். குழுக்கள் உருவான பிறகுதான் பெயர். ‘நிதி’, ‘ஆட்கள்’, ‘சந்தை’ என்று முன்கூட்டியே பெட்டி செய்துவைத்தால், சீட்டுகள் அந்தப் பெட்டிகளுக்குள் அடங்கிப்போகும், ஆச்சரியம் ஒன்றும் நடக்காது. அலுவலகக் கூட்டங்களில் சுவரில் ஒட்டும் மஞ்சள் சீட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதிகாரி முதலில் தலைப்புகளை எழுதிவிட்டு ஊழியர்களை நிரப்பச் சொன்னால், அது போவரின் இரண்டாம் குழு அளவுக்கு மோசமில்லை என்றாலும் கவாகிதா சொன்ன முறை ஆகாது.

வேலைத் திட்டத்துக்கு மனவரைபடம் போடுகிறவர்கள் ஒன்றை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. இந்தப் படத்துக்குக் காலம் தெரியாது. ஒரு கல்யாணத்துக்குப் படம் போட்டால் மண்டபம், பத்திரிகை, சமையல், நகை, துணிமணி எல்லாம் நடுவட்டத்தைச் சுற்றி ஒரே தூரத்தில் நிற்கும். மண்டபம் கிடைத்துத் தேதி உறுதியானால்தான் பத்திரிகை அடிக்க முடியும் என்பதை அந்த வட்டம் சொல்லாது. எதையும் விட்டுவிடவில்லையே என்று சரிபார்க்க அது நல்ல கருவி. எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்க நாள்காட்டியை எடுத்து வரிசைப்படுத்தியே ஆகவேண்டும். எழுத்துவேலைக்கும் இதே கதிதான். படம் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விரியும், எழுத்தோ ஒரு வாக்கியத்துக்குப் பின் ஒரு வாக்கியமாகத்தான் போகும். சார்லஸ் டார்வின் உயிரினங்களின் கிளைப் படத்தைத் தன் குறிப்பேட்டில் கிறுக்கியது 1837-இல். உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது 1859-இல். அந்த நூலில் இருக்கும் ஒரே படம் கிளைவிட்ட வரைபடம்தான். இடையில் ஓடிய 22 ஆண்டுகளில் படத்தை வாதமாக மாற்றுகிற வேலையும் அடக்கம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கருத்து வரைபடங்களைப் பற்றிய 55 ஆய்வுகளை, மொத்தம் 5,818 பேரை உள்ளடக்கியவற்றை, கனடாவைச் சேர்ந்த ஜான் நெஸ்பிட்டும் ஒலுசோலா அடெசோப்பேயும் 2006-இல் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் உண்டு என்றது தொகுப்பு. 2018-இல் வந்த இன்னும் பெரிய தொகுப்பு, பிறர் வரைந்த படத்தைப் படிப்பதைவிடத் தானே வரைவது கூடுதல் பலன் தருகிறது என்பதைக் காட்டியது. ஆசிரியர் கரும்பலகையில் போட்டதை நோட்டில் பார்த்து எழுதுகிற மாணவருக்கும், கைடில் அச்சாகி வரும் மனவரைபடத்தை மனப்பாடம் செய்கிற மாணவருக்கும் படம் இருக்கிறது, எதை எதன் கீழே வைப்பது என்ற தவிப்பு இல்லை. அந்தத் தவிப்பை ஆசிரியரோ கைடு எழுதியவரோ ஏற்கெனவே பட்டு முடித்துவிட்டார். லண்டனில் 50 மருத்துவ மாணவர்களிடம் 2002-இல் நடந்த ஓர் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. மனவரைபடம் போட்டுப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்துக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் தத்தம் வழக்கமான முறையில் படித்தவர்களுக்கு இருந்த ஊக்கம் இவர்களிடம் இல்லை. சிரமமான வேலை என்பதற்கு இதுவே சாட்சி.

மனவரைபட ஆதரவாளர்களைத் தூங்கவிடாமல் செய்த ஆய்வு 2011-இல் சயின்ஸ் இதழில் வந்தது. பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஜேனல் பிளண்டும் 80 மாணவர்களுக்குக் கடல் நீர்நாய்களைப் பற்றிய ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழு பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தது. இன்னொரு குழு பாடத்தை மூடிவைத்துவிட்டு, நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதிப் பார்த்தது, மறுபடி படித்து மறுபடி எழுதியது. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், மூடிவைத்து எழுதியவர்கள் வரைந்தவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மதிப்பெண் எடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மாணவர்கள் இதற்கு நேர் எதிராக முன்கணித்திருந்தார்கள். 120 பேரை இரண்டு முறையிலும் படிக்கவைத்த அடுத்த சோதனையில் 101 பேருக்கு மூடிவைத்து எழுதியதே மேலாக இருந்தது. தேர்வாகக் கருத்து வரைபடத்தையே வரையச் சொன்னபோதும் முடிவு மாறவில்லை.

அப்படியானால் படத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? அதே இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. இம்முறை ஒரு குழுவைப் பாடத்தை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து கருத்து வரைபடம் வரையச் சொன்னார்கள். மூடிவைத்துப் பத்தியாக எழுதியவர்களுக்குச் சமமாக இவர்களும் எடுத்தார்கள். ஆக, முந்தைய சோதனையில் தோற்றது படமில்லை. கண்முன்னே திறந்து கிடந்த புத்தகம்தான் அதைத் தோற்கடித்தது. திறந்த புத்தகத்தைப் பார்த்து வரையும்போது கண்ணிலிருந்து கைக்குப் போகிறது செய்தி. புத்தகம் மூடியிருந்தால் நினைவைத் துழாவ வேண்டும். அப்படித் துழாவுகிறபோதுதான் நினைவு உறுதிப்படுகிறது.

இதை மாணவர்களும், மூன்று மணி நேரக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்தவர்களும் ஒரே மாதிரி செய்யலாம். படித்து முடித்ததும் புத்தகத்தையோ கூட்டக் குறிப்பையோ மூடிவிடுங்கள். வெற்றுத்தாளில் கறுப்பு மையால், நினைவுக்கு வந்ததை மட்டும் கிளைகளாகப் போடுங்கள். மூன்று நிலைக்கு மேல் ஆழம் போனால் படம் மறுபடி பட்டியலாகிவிடும், ஆகவே அங்கே நிறுத்திக்கொள்ளலாம். முக்கியமான கோடுகளின் மேல் வினைச்சொல் எழுதுங்கள். சொல் கிடைக்காத கோட்டை அழிக்காமல் கேள்விக்குறி போட்டு விடுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாகப் போட்டதையும் சிவப்பு மையால் சேருங்கள். வண்ணத்துக்கு இந்த இடத்தில் உண்மையாகவே ஒரு வேலை இருக்கிறது. கறுப்பில் இருப்பது தெரிந்தது, சிவப்பில் இருப்பது மறுநாள் படிக்க வேண்டியது.